ஓஃபைருஃபோஸ் அருவிக்கு வண்டியோட்டப் போகும் தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

ஐஸ்லாந்தின் உள்நாட்டு மலைப்பகுதியில் இருக்கும் ஓஃபைருஃபோஸ் அருவிக்கு ஜூலையில் நீயே வண்டி ஓட்டிப் போகப்போவதாக எழுதியிருந்தாய். இரண்டு படிகளாக இறங்கும் அந்த அருவியின் மேல் இயற்கையாக அமைந்திருந்த கற்பாலம் 1993-இல் இடிந்து விழுந்துவிட்டது. பழைய படங்களைப் பார்த்துவிட்டு அதைத் தேடாதே. 10-ஆம் நூற்றாண்டில் எரிமலைக் குழம்பைக் கக்கிய எல்ட்கியா பிளவுக்குள் அருவி விழும் காட்சி ஒன்றே அவ்வளவு தூரம் போவதற்குப் போதும்.

மேடுபள்ளங்களை நினைத்துக் கவலைப்படுகிறாய். என் கவலை ஆறுகளைப் பற்றியது. லான்ட்மன்னலாய்கர் என்ற இடத்திலிருந்து செல்லும் எஃப்-208 பாதையில் (எஃப் என்பது அங்குள்ள கரடுமுரடான மலைப்பாதைகளின் குறி) பல ஓடைகளுக்குப் பாலம் கிடையாது. தண்ணீரில் இறங்கித்தான் கடக்க வேண்டும். பனியாறு உருகி வரும் நீர் விடியற்காலையில் வடிந்திருக்கும், வெயில் ஏறிய நாளில் பிற்பகலுக்குள் பெருகிவிடும். மழை பெய்தால் எந்த ஓடையும் பெருகும். ஆகவே காலையில் எளிதாகக் கடந்த இடத்தை மாலையில் திரும்பும்போது புதிய ஆறாகவே எண்ணி, இறங்கி நின்று பார். அகன்று சலசலத்து ஓடும் இடத்தில் ஆழம் குறைவு. நிறைகுடம் தளும்பாது என்பது இங்கும் பொருந்தும்: ஒடுங்கி அமைதியாக ஓடும் இடத்தில்தான் வண்டி மூழ்கும். நடந்து கடக்க அஞ்சும் நீரில் வண்டியை இறக்காதே.

இறங்குமுன்பே நான்கு சக்கர இயக்கத்தைத் தாழ்நிலைக்கு மாற்றிக்கொண்டு, நடுவில் கியர் மாற்றாமல், நீரோட்டத்தின் போக்கில் சற்றே சாய்வாக, நடைவேகத்தில் ஓட்டு. வேகமாகப் பாய்ந்தால் எழும் அலை காற்றுக்குழாய் வழியே எஞ்சினுக்குள் போகும். நீர் காற்றைப் போல் அமுங்காது என்பதால் உள்ளிருக்கும் தண்டுகள் வளைந்துவிடும். நின்றுபோன எஞ்சினை ஆற்றுக்குள்ளேயே மீண்டும் முடுக்கிப் பார்ப்பதும் அதே கேட்டைத்தான் தரும். வாடகை வண்டிகளின் காப்பீடு பொதுவாக இந்த நீர்ச்சேதத்தை ஏற்பதில்லை.

இன்னொன்று. கரடுமுரடான பாதையில் ஓட்டலாம். பாதையை விட்டு விலகி ஓட்டுவது அந்நாட்டில் குற்றம். சக்கரம் ஏறிய பாசிப்படுகை தேறப் பல பத்தாண்டுகள் ஆகும். குழியைத் தவிர்க்கக்கூட ஓரமாக ஒதுங்காதே. எல்ட்கியாவில் வண்டியை நிறுத்திவிட்டு, மீதித் தூரம் நடந்துதான் அருவியை அடைய வேண்டும்.

எந்த வண்டியைப் பேசியிருக்கிறாய் என்று எழுதவில்லையே? எஃப் பாதைகளில் ஓட்ட அதன் ஒப்பந்தம் அனுமதிக்கிறதா என்று, பணம் கட்டுமுன் ஒரு முறை படித்துப் பார்த்துவிட்டு எனக்கு எழுது.

அன்புடன்,
அண்ணன்