உயிருள்ள மருந்து உயிருடன் வந்து சேர வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

நெற்பயிரின் இலையையும் கதிர்க் கழுத்தையும் தாக்கி, மணிகளைப் பதராக்கும் பூஞ்சை நோயான குலை நோய்க்கு எதிராக, விதைக்கும்போதே பயன்படுத்த வேண்டிய சூடோமோனாஸ் ஃபுளூரசன்ஸ் என்னும் பாக்டீரியாவை, விவசாயிகள் பலர் கடைசி நேர மருந்தாகவே கருதுவது வருத்தமளிக்கிறது. ஒரு கிலோ விதைக்கு 10 கிராம் வீதம் கலந்து ஊறவைத்தால், அது வேரைச் சுற்றிக் குடியேறி, பூஞ்சைக்குத் தேவையான இரும்புச்சத்தைத் தானே கவர்ந்துகொள்வதோடு, பயிரின் தற்காப்பையும் தூண்டிவிடுகிறது. நோய் முற்றியபின் தெளித்துவிட்டுப் பலனில்லை என்பது முறையன்று. ஆயினும் பழி முழுவதும் விவசாயியுடையதன்று. காலாவதியான பொட்டலத்தை நானே வாங்கி ஏமாந்திருக்கிறேன். கடைகளில் வெப்பம் படாமல் இவை வைக்கப்படுகின்றனவா என்பதையும், அவற்றில் உயிருடன் உள்ள நுண்ணுயிர்களின் எண்ணிக்கையையும் வேளாண் அதிகாரிகள் மாதிரி எடுத்துச் சோதிக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு நெல் விவசாயி