மெஷ் போடும் முன் ஒரு தாளை எடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மெக்கானிக்கல் சேரும் மாணவர்களுக்கு அறிவுரை சொல்லும் கட்டுரைகள் உங்கள் கல்விப் பக்கத்தில் அடிக்கடி வருகின்றன. முதலாண்டிலேயே ஏதாவது ஒரு டிசைன் சாஃப்ட்வேர் படித்துவிடுங்கள், இல்லாவிட்டால் வேலை கிடைக்காது என்பதுதான் பெரும்பாலும் அவற்றின் சாரம். நான் இயந்திர பாகங்களை வடிவமைக்கும் பிரிவில் இருப்பவன், படித்து முடித்து வருபவர்களை நேர்காணலும் செய்பவன். இந்த அறிவுரை தலைகீழாக இருக்கிறது என்றே எனக்குப் படுகிறது.

சாஃப்ட்வேர் வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. அது இல்லாமல் எங்களுக்கு ஒரு நாளும் ஓடாது. ஆனால் எந்தப் பட்டனை எங்கே அழுத்துவது என்பதைச் சில வாரங்களில் யாரும் பிடித்துக்கொள்ளலாம். அது காட்டும் விடை நம்பக்கூடியதா என்று சொல்லத்தான் வருடக்கணக்கில் படிக்க வேண்டியிருக்கிறது.

நான் வழக்கமாகக் கேட்கும் கேள்வி ரொம்பச் சாதாரணமானது. 1 மீட்டர் நீள எஃகுப் பட்டை, குறுக்குவெட்டு 40-க்கு 20 மி.மீ., ஒரு முனை இறுகப் பிடிக்கப்பட்டிருக்கிறது, மறுமுனையில் 10 கிலோ தொங்குகிறது, எவ்வளவு தொய்யும்? பட்டையின் சொந்த எடையை விட்டுவிட்டால், 40 மி.மீ. பக்கம் நிமிர்ந்திருக்கும்போது சுமார் ஒன்றரை மி.மீ., அதையே படுக்க வைத்தால் 6 மி.மீ. சூத்திரத்தைப் பலர் கடகடவென ஒப்பிக்கிறார்கள். சரி, படுக்க வைத்தால் என்ன ஆகும் என்று கேட்டால்தான் தயக்கம், ஏனென்றால் அந்தச் சூத்திரத்தில் உயரம் மும்மடியாக (உயரம் × உயரம் × உயரம்) வருகிறது என்பதைப் பரீட்சைக்கு எழுதியிருக்கிறார்களே தவிர யோசித்துப் பார்த்ததில்லை.

எஃப்.இ.ஏ. (பாகத்தைச் சிறுசிறு துண்டுகளாகப் பிரித்துக் கம்ப்யூட்டரில் கணக்கிடும் முறை) போட்டுக் கொண்டுவரும் வண்ணப் படங்களில் இதைவிடப் பெரிய வேடிக்கை நடக்கும். வளைவு கொடுக்காத கூர்மையான உள்மூலையில் மெஷ்ஷை, அதாவது அந்தத் துண்டுகளின் வலையை, பொடியாக்கப் பொடியாக்க ஸ்ட்ரெஸ் (பொருளுக்குள் ஒரு பரப்பில் விழும் விசை) ஏறிக்கொண்டே போகும், எங்கேயும் நிற்காது, ஏனென்றால் அந்தப் புள்ளியில் கணக்குப்படி அது முடிவிலி. இது தெரியாதவர், ஸ்ட்ரெஸ் அதிகம் என்று காட்டும் சிவப்பைப் பார்த்துப் பயந்து பாகம் முழுவதையும் தடிமனாக்கிவிடுவார். அந்த மூலையில் ஒரு ஃபில்லட், அதாவது சிறு வளைவு, கொடுத்திருந்தால் போதும். இதற்காக மூலையைக் கண்டுகொள்ளாமலும் விடக்கூடாது. 1954-ல் இரண்டு காமெட் ஜெட் விமானங்கள் நடுவானில் உடைந்து விழுந்தன. கேபினுக்குள் காற்றழுத்தம் ஏறி இறங்க, உடலில் வெட்டியிருந்த திறப்புகளின் மூலைகளில் ஸ்ட்ரெஸ் குவிந்து ஃபெட்டீக் (திரும்பத் திரும்பச் சுமை ஏறி இறங்குவதால் உலோகம் சோர்வது) விரிசல் விட்டதுதான் காரணம் என்று விசாரணையில் தெரிந்தது. எந்தச் சிவப்பு நிஜம், எது கணக்கின் கோளாறு என்று திரை சொல்லாது, பார்க்கிறவருக்குத்தான் தெரிந்திருக்க வேண்டும்.

தெர்மோடைனமிக்ஸிலும் (வெப்ப இயக்கவியல்) இதே கதைதான். 600 டிகிரி செல்சியஸில் வெப்பத்தை வாங்கி 30 டிகிரியில் விடும் எந்த எஞ்சினாலும் அந்த வெப்பத்தில் 65 சதவீதத்துக்கு மேல் வேலையாக மாற்ற முடியாது, பிரெஞ்சுப் பொறியாளர் கார்னோ 1824-லேயே காட்டிய வழி அது. கெல்வினுக்கு மாற்ற மறந்து செல்சியஸிலேயே வகுத்தால் 95 சதவீதம் வரும். தவறுவது பெரிய விஷயமில்லை, அந்த 95-ஐப் பார்த்ததும் திடுக்கிட வேண்டாமா? இரண்டு தசமத்தோடு அதை ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டில் அச்சடித்துக் கொண்டுவந்தால் நான் என்ன சொல்வது?

மின்வாகனம் வந்துவிட்டது, மெக்கானிக்கல் அவ்வளவுதான் என்ற பேச்சுக்கும் இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன். பேட்டரியைக் குளிர்விப்பது வெப்பப் பரிமாற்றம், அதைத் தாங்கும் சட்டம் மேலே சொன்ன பட்டை மாதிரி பீம் கணக்கு, மோட்டாருக்கு அப்புறமும் கியரும் பேரிங்கும் பிரேக்கும் இருக்கின்றன. பாடம் ஒன்றும் மாறிவிடவில்லை.

அதனால் உங்கள் கல்விப் பக்கத்தில் ஒன்றைச் சேர்த்துப் போடுங்கள். முதலில் ஃப்ரீ பாடி டயகிராமை, அதாவது பாகத்தைத் தனியே பிரித்து அதன் மேல் வரும் விசைகளைக் காட்டும் படத்தை, கையால் வரையச் சொல்லுங்கள். விடை எந்த அளவில் வரும் என்று எழுதி வைத்துவிட்டு, பிறகு கம்ப்யூட்டரைத் திறக்கச் சொல்லுங்கள். ஆசிரியர்களும் சிமுலேஷன் படத்துக்கு மார்க் போடும் முன் அந்தக் கைக்கணக்குப் பக்கத்தைக் கேட்டு வாங்கட்டும், அது இல்லாத ரிப்போர்ட்டைத் திருப்பி அனுப்பட்டும்.

இப்படிக்கு,
ஒரு வடிவமைப்புப் பொறியாளர்