ஊசி போடும் முன் ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா, டாக்டர்?

'ஆண்கள் நல' கிளினிக் நடத்தும் டாக்டர்களுக்கு,

வணக்கம். பெங்களூர் அல்சூரிலிருந்து எழுதுகிறேன். என் கணவர் ஓயாத அசதி என்று வந்தபோது, ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் கம்மி என்று சொல்லி வாரா வாரம் ஊசி போட்டவர் உங்களில் ஒருவர்தான். அசதி போனது, மறுக்கவில்லை. ஆனால் கல்யாணமாகி இரண்டே வருடம் ஆனவரிடம் குழந்தை வேண்டுமா என்று ஒரு கேள்வி கேட்டிருக்கலாம் இல்லையா?

வெளியிலிருந்து இந்த ஹார்மோன் ஏறினால் மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி தன் வேலையைக் குறைத்துக்கொள்ளும், விந்தணு உற்பத்தி படுத்துவிடும் என்பது உங்களுக்குப் பாடத்திலேயே வந்திருக்கும். வாரம் 200 மில்லிகிராம் டெஸ்டோஸ்டிரோன் எனந்தேட் ஊசியை ஆண்களுக்கான கருத்தடையாகவே உலக சுகாதார நிறுவனம் சோதித்து, 1990-லேயே முடிவை வெளியிட்டது. அதில் ஆறு மாதத்துக்குள் பாதிப் பேருக்கு மேல் விந்தணு சுத்தமாக இல்லாமல் போனது. அதைத்தான் நீங்கள் 'ஆண்மை' என்று போர்டு வைத்து விற்கிறீர்கள்.

இது தெரியாமல் பதினான்கு மாதம் அலைந்தது நான். ஒன்றுவிட்டு ஒருநாள் ஸ்கேன், ஆபீசில் பாதி நாள் லீவு. கருக்குழாயில் அடைப்பு இருக்கிறதா என்று சாயம் செலுத்தி எக்ஸ்ரே எடுத்தார்கள், அந்த வலியில் மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு 'இன்னும் எவ்வளவு நேரம்' என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். மாமியார் அரசமரத்தைச் சுற்றச் சொன்னார், சுற்றினேன். கடைசியில்தான் என் கணவருக்கு விந்து பரிசோதனை எழுதினார்கள். ரிப்போர்ட்டில் பூஜ்ஜியம்.

ஊசியை நிறுத்தியாயிற்று. பெரும்பாலும் திரும்பிவிடும் என்கிறார்கள், ஆனால் ஒரு விந்தணு உருவாகவே இரண்டரை மாதம் ஆகுமாம், சிலருக்கு வருடக்கணக்கில் இழுக்குமாம். சரி, காத்திருக்கிறோம்.

2019-21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பில் மணமான தம்பதிகளில் கருத்தடை ஆபரேஷன் செய்துகொண்ட பெண்கள் 37.9 சதவீதம், ஆண்கள் 0.3. இந்த நாட்டில் ஓர் ஆண் கருத்தடை மருந்து எடுத்துக்கொண்டதே பெரிய விஷயம்தான், என்ன, அவருக்கே தெரியாமல் எடுத்துக்கொண்டார்!

கோபத்தில் ஏதேதோ எழுதிவிட்டேன், மன்னியுங்கள். கேட்பது ஒன்றுதான். ஊசி போடும் முன் சொல்லுங்கள். குழந்தை வேண்டும் என்பவரை குழந்தைப்பேறு மருத்துவரிடம் அனுப்புங்கள். சொன்னதை எழுதியும் கொடுங்கள், தமிழிலோ கன்னடத்திலோ. பில்லில் 'கட்டிய பணம் திரும்பத் தரப்படாது' என்று கொட்டை எழுத்தில் அச்சடிக்கிறீர்களே, அதற்குக் கீழே இடம் இருக்கிறது.

இப்படிக்கு,
அல்சூர்க்காரி ஒருத்தி