பந்து கைக்கு வந்தால்தான் வண்டி நகரும்

அன்புள்ள தம்பிக்கு,

செங்கோட்டை–புனலூர் மீட்டர்கேஜ் பாதையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்களைப் பேட்டி எடுக்கப்போவதாக எழுதியிருந்தாய். தள்ளிப்போடாதே. அங்கே மீட்டர்கேஜ் நின்றது 2010-ல். அகலப்பாதை முழுதாகத் திறந்தது 2018-ல். மலை, குகை, மழை எல்லாம் கேட்காமலே சொல்வார்கள். வேலையைத்தான் நீ துருவித் துருவிக் கேட்க வேண்டும். போட்டோக்களில் அது இருக்காது.

முதலில் டோக்கன் பந்து, அதாவது ஒற்றைப்பாதையில் அடுத்த ஸ்டேஷன்வரை போக டிரைவர் கையில் கொடுக்கும் அனுமதி. மீட்டர்கேஜ் ஒற்றைப்பாதைகளில் பரவலாக இருந்தது நீல்ஸ் பால் டோக்கன் மெஷின். அடுத்தடுத்த இரண்டு ஸ்டேஷன்களிலும் ஒவ்வொன்று, நடுவே மின்கம்பி இணைப்பு. ஒரு மணி அடித்தால் ‘போனை எடு’. இரண்டு, லைன் கிளியர் கேட்பது, அதாவது வண்டியை அனுப்பப் பாதை காலியா என்று. மூன்று, வண்டி புறப்பட்டது. நான்கு, வந்து சேர்ந்தது. அடுத்த ஸ்டேஷனில் இருப்பவர் மணிக்குமிழை அமுக்கிப் பிடித்தால்தான் இங்கே கைப்பிடி திரும்பி இரும்புப் பந்து விழும். பந்தைத் தோல் பையில் போட்டு, பிரம்பு வளையத்தோடு டிரைவரிடம் நீட்டுவார்கள். அது போய்ச் சேர்ந்து அங்குள்ள மெஷினுக்குள் விழும்வரை இரு பக்கமும் வேறு பந்து வராது. ஒரே திசையில் வண்டிகள் அதிகம் போனால் பந்தெல்லாம் ஒரு பக்கமே சேர்ந்துவிடும். அப்போது யார் வந்து, எப்படித் திருப்பிக் கொண்டுபோனார்கள் என்று கேள்.

பந்தில் இரண்டு ஸ்டேஷன் பெயரும் பொறித்திருக்கும். டிரைவர் அதைப் படித்துப் பார்த்தாரா என்பதை அவசியம் கேள். 1921 ஜனவரியில் வேல்ஸ் நாட்டு அபர்மியூலில், வந்த வண்டி கொடுத்த டோக்கனையே மெஷினில் போடாமல் அதே வண்டியிடம் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். யாரும் படித்துப் பார்க்கவில்லை. எதிரே எக்ஸ்பிரஸ் வந்தது. 17 பேர் இறந்தார்கள். மெஷினில் எந்தக் கோளாறும் இல்லை.

அடுத்தது கேபின், லீவர்களை இழுத்துக் கைகாட்டி சிக்னல்களை இயக்கும் அறை. சிவப்பு லீவர் கைகாட்டிக்கு, கறுப்பு வண்டியைத் தடம் மாற்றும் பாயிண்டுக்கு, நீலம் அந்தப் பாயிண்ட் நகராமல் பிடிக்கும் பூட்டுக்கு. கைகாட்டியின் கை இறங்கினால் போகலாம், ஏறியிருந்தால் நிற்க வேண்டும். உச்சி வெயிலில் கைகாட்டிக் கம்பி நீண்டு தொய்யும். லீவரை முழுக்க இழுத்தாலும் கை பாதிதான் இறங்கும். அதற்காக மதியம் கம்பியை இறுக்கிவிட்டு அப்படியே விட்டால், இரவில் கம்பி சுருங்கி, லீவரைத் திருப்பிப் போட்ட பிறகும் கை முழுதாக ஏறாது. இது முன்னதைவிட மோசம். எந்நேரத்தில் எவ்வளவு தளர்த்துவது என்பது கேபின்மேனுக்குக் கைப்பழக்கம்.

கைகாட்டி விளக்கையும் விட்டுவிடாதே. பச்சைக் கண்ணாடியைக் கையில் எடுத்துப் பார்த்தால் நீலம் கலந்திருக்கும். மண்ணெண்ணெய்ச் சுடரின் மஞ்சளோடு சேரும்போதுதான் டிரைவர் கண்ணுக்கு அது பச்சை.

போகும்போது ஒரு பிரம்பு வளையம் எடுத்துப் போ. ஓடும் வண்டிக்கு வளையத்தை எந்த உயரத்தில், எப்படிச் சாய்த்துப் பிடிப்பது என்று அவர்களால் வாயால் சொல்ல வராது. கையில் கொடுத்தால் காட்டிவிடுவார்கள். ஆடியோ மட்டும் போதாது, வீடியோவாகவே எடு.

அன்புடன்,
அண்ணன்