விழுந்த மறுநாள்

அன்புள்ள தம்பி,

நேற்று ராத்திரி "ஒண்ணும் இல்லம்மா" என்றாய். இன்று காலையில் தலை கனக்கிறது, கண் கூசுகிறது என்று மெசேஜ் அனுப்பியிருக்கிறாய். ஈரப் படியில் வழுக்கி முதுகும் பின்மண்டையும் அடிபட விழுந்தவன் நீ. இத்தனை வருஷம் வார்டில் நர்ஸாக இருந்த எனக்கு மனசு கேட்கவில்லை. போனில் சொன்னால் "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன்.

இது விழுந்த வேகத்தில் மூளை குலுங்கியதால் வந்த தலைவலியாகத்தான் இருக்கும். பெரும்பாலும் ஓய்வெடுத்தாலே சரியாகிவிடும். ஆனாலும் டாக்டர் பார்த்துச் சொல்லட்டும். மண்டைக்குள் ரத்தக் குழாய் கிழிந்தாலும் ரத்தம் சேர்ந்து மூளையை அழுத்தும்வரை சில சமயம் ஆள் நன்றாகப் பேசுவான், நடப்பான். 2009-இல் நடாஷா ரிச்சர்ட்சன் என்ற நடிகை கனடாவில் பனிச்சறுக்கு பழகும்போது விழுந்தார். நன்றாக இருக்கிறேன் என்று ஆம்புலன்ஸைத் திருப்பி அனுப்பினார். இரண்டே நாளில் இறந்துபோனார்.

மெல்லக் கசிகிற வகையும் உண்டு. எங்கள் வார்டுக்கு ஒரு பெரியவர் வந்தார். பல வாரம் முன்பு பாத்ரூமில் விழுந்ததை வீட்டில் எல்லோரும் மறந்தே போயிருந்தார்கள். இடது கால் செருப்பு வாசலிலேயே கழன்று கிடக்க, அதுகூடத் தெரியாமல் காலை இழுத்து இழுத்து உள்ளே வந்தார். ஸ்கேனில் மூளையின் வலது பக்கம் பழைய ரத்தம். துளை போட்டு எடுத்த பிறகு நன்றாக நடந்தார். உன் வயதில் இது அபூர்வம்தான், ஆனாலும் ஒரு மாதம் போல கவனமாக இரு.

தலைவலி ஏறிக்கொண்டே போனாலோ, திரும்பத் திரும்ப வாந்தி வந்தாலோ, பேச்சு குழறினாலோ, காதிலோ மூக்கிலோ தண்ணீர் போல வடிந்தாலோ உடனே 108-ஐக் கூப்பிடு. தூங்கலாம், தப்பில்லை. ஆனால் எழுப்பினால் நீ எழுந்து ஒழுங்காகப் பேச வேண்டும். அதனால் தனியாகப் படுக்காதே.

முதுகு மறுநாள் கூடுதலாக வலிப்பது சகஜம். ஆனால் கால் மரத்துப்போனாலோ, பலம் குறைந்தாலோ, உட்காரும் இடத்தில் உணர்ச்சி இல்லாமல் போனாலோ, ஒண்ணுக்கு வராமல் அடைத்தாலோ ஆஸ்பத்திரிக்கு ஓடு. வெட்கப்பட்டுச் சொல்லாமல் இருந்துவிடாதே.

டாக்டரைக் கேட்காமல் ஆஸ்பிரின், புரூஃபன் எதுவும் போடாதே. பைக்கும் கிரிக்கெட்டும் இப்போதைக்கு வேண்டாம். இன்றே லீவு சொல்லிவிட்டு டாக்டரிடம் போ. கூட இருக்கும் பையனின் நம்பரை எனக்கு அனுப்பு, ராத்திரி நான் அவனிடம் பேசிக்கொள்கிறேன்.

அம்மா