சான்றிதழ் இல்லாத தந்தச் சிமிழ்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

யானைத் தந்தத்தாலான பழம்பொருள்களை விற்க முயன்றதாகச் சிலர் கைது செய்யப்பட்ட செய்தி, தங்கள் நாளிதழின் மாவட்டப் பக்கங்களில் அவ்வப்போது வெளிவருகிறது. கடத்தல்காரர்கள் பிடிபடுவதில் எனக்கு மகிழ்ச்சியே. ஆனால், வேட்டைக்கும் கடத்தலுக்கும் எந்தத் தொடர்பும் இல்லாமல், தாத்தா பாட்டி காலத்துத் தந்தப் பொருள் ஒன்றை வீட்டில் வைத்துக்கொண்டு, அதை என்ன செய்வதென்று தெரியாமல் விழிக்கும் குடும்பங்களைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. அத்தகைய குடும்பத்தில் ஒருவன் என்ற முறையில் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

சென்ற ஆண்டு என் தாயார் காலமான பின், அவருடைய தாயார் சீதனமாகக் கொண்டுவந்த குங்குமச் சிமிழ் ஒன்று என் பங்குக்கு வந்தது. எலுமிச்சம்பழ அளவில், கடைசல் பிடித்துத் திருகு மூடி போட்ட சிமிழ் அது. பலருடைய விரல் பட்டுப் பட்டு வெளிப்புறம் தேன் நிறமாகிவிட்டது. உட்புறத்தில் குங்குமம் ஊறி, எத்தனை துடைத்தாலும் போகாத சிவப்பு. அடிப்பாகத்தைக் கவிழ்த்து வெயிலில் சாய்த்துப் பார்த்தால், விளிம்பை ஒட்டி ஒன்றையொன்று குறுக்கே வெட்டிச் செல்லும் மெல்லிய வளைகோடுகள் தெரிகின்றன. தந்தத்தைக் குறுக்காக வெட்டினால் தெரியும் கோடுகள் இவை. எலும்பில் இவற்றைப் பார்க்க முடியாது. அதில் கரும்புள்ளிகளும் நுண்ணிய குழிகளுமே இருக்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கிழக்கு ஆப்பிரிக்கத் தந்தம் பம்பாய்த் துறைமுகம் வழியாக ஏராளமாக வந்திறங்கியதால், இது நம் மலைக்காட்டு யானையுடையதா, கடல் கடந்து வந்ததா என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல எனக்கு வழியில்லை.

இதைக் காரைக்குடிப் பக்கம் பழம்பொருள் வியாபாரம் செய்யும் ஒருவரிடம் கைப்பேசிப் படமாகக் காட்டினேன். விற்பது என் நோக்கமன்று. என்ன சொல்கிறார் என்று கேட்கத்தான். அவர் தயக்கமே இல்லாமல், "ஒட்டக எலும்புன்னு எழுதிக்கலாம் சார், நூறு வருஷத்துக்கு மேல ஆனதுன்னா ஒண்ணும் கேக்க மாட்டாங்க" என்றார். இந்த இரண்டாவது கூற்றுதான் ஆபத்தானது. நூறாண்டு கடந்த பொருள் என்றால் சட்டம் விட்டுவிடும் என்ற நம்பிக்கை, படித்தவர்களிடமும் பரவலாக இருப்பதைக் கவனித்திருக்கிறேன். உண்மை நேர்மாறானது. நூறாண்டு கடந்த கலைப்பொருள் என்றால் 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டமும் அதன்மேல் பாய்ந்து, நாட்டைவிட்டு வெளியே கொண்டுபோக முடியாமல் செய்கிறதே தவிர, அதே 1972ஆம் ஆண்டின் வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டத்திலிருந்து அதற்கு எந்த விலக்கும் கிடைப்பதில்லை. 1986இல் இந்தியத் தந்த வணிகமும், 1991இல் ஆப்பிரிக்கத் தந்த வணிகமும் தடைசெய்யப்பட்டன. அத்தடையை எதிர்த்துக் கைவினைப்பொருள் வணிகர்கள் தொடுத்த வழக்கிலும், தடை செல்லும் என்றே 2003இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

வயதைக் காட்டி விலக்குப் பெறும் வழக்கம் பிரிட்டனில் இருக்கிறது. அங்கு 2018இல் இயற்றப்பட்டு 2022 ஜூனில் நடைமுறைக்கு வந்த தந்தச் சட்டம், 1918க்கு முந்தைய தலைசிறந்த கலைப்பொருள்களுக்கும், 1947க்கு முந்தைய, தந்தத்தின் அளவு பத்து விழுக்காட்டுக்கும் குறைவான பொருள்களுக்கும், 1975க்கு முந்தைய, தந்தம் இருபது விழுக்காட்டுக்கும் குறைவான இசைக்கருவிகளுக்கும் விற்பனை விலக்கு அளிக்கிறது. என் பாட்டியின் சிமிழ் லண்டனில் இருந்திருந்தால்கூட இவற்றுள் எதிலும் சேராது. முழுவதும் தந்தம், கலையுலகம் வியக்கும் படைப்பும் அன்று. ஆனால் தந்தப் பட்டை பதித்த பழைய தஞ்சாவூர் வீணை ஒன்று அங்கே விலக்குப் பெற்றுவிடும். இங்கே அதற்கும் இடமில்லை. நான் இதைக் குறையாகச் சொல்லவில்லை. ஆசிய யானைகளில் பெண்ணுக்குக் கொம்பு கிடையாது; வேட்டைக்காரன் தேடிக் கொல்வது ஆண்களை மட்டுமே. பெரியாறு காட்டில் ஒரு காலத்தில் வளர்ந்த ஆண் ஒன்றுக்குப் பெண் யானைகள் நூறு என்ற நிலை வந்ததை நினைத்தால், விற்பனைக்குச் சிறு சந்தும் விடாத நம் சட்டமே சரி என்பேன். இருந்தாலும் இறந்தாலும் ஆயிரம் பொன் என்ற பழமொழியின் பின்பாதியை ஒழித்தால்தான் முன்பாதி நிலைக்கும்.

என் முறையீடு வேறு. விற்க விரும்பாதவன், ஒளிக்க விரும்பாதவன், அரசிடமே ஒப்படைக்க விரும்புகிறவன் போக வேண்டிய வழியைச் சட்டம் பாதியில் நிறுத்திவிட்டது.

தந்தப் பொருள் வைத்திருந்தவர்கள் அதைத் தலைமை வன உயிரினக் காப்பாளரிடம் அறிவித்து உரிமைச் சான்றிதழ் பெற வேண்டும் என்று 1972ஆம் ஆண்டுச் சட்டம் சொன்னது. அதற்கு அளித்த கெடு முப்பது நாள். தவறவிட்டவர்களுக்காக 2003 ஏப்ரலில் மத்திய அரசு மீண்டும் 180 நாள் வாய்ப்புக் கொடுத்தது. அந்த அறிவிப்பு எத்தனை பேரை எட்டியிருக்கும்? எழுபதைக் கடந்திருந்த என் தாயாருக்குத் தம் பூஜையறைச் சிமிழ் ஒரு வனப்பொருள் என்ற எண்ணமே இருந்ததில்லை. ஆகவே அவரிடம் சான்றிதழ் இல்லை. அவருக்குப் பின் வாரிசாகப் பெற்ற நான் 90 நாள்களுக்குள் அறிவிக்க வேண்டும் என்று சட்டத்தின் 40ஆம் பிரிவு கூறுகிறது. அந்தக் கெடு முடியுமுன் நான் ஓர் அலுவலகத்துக்கு நேரில் சென்றேன். அங்கிருந்தவர் நல்ல மனிதர், அக்கறையோடுதான் பேசினார். "பத்திரமா வச்சுக்குங்க, வெளியில சொல்லிக்காதீங்க" என்பதே அவருடைய அறிவுரை. நான் சிமிழின் படம், அளவு, எடை, வாரிசுச் சான்றிதழின் நகல் ஆகியவற்றை இணைத்துப் பதிவுத் தபாலில் அறிவிப்பை அனுப்பினேன். ஒப்புதல் அட்டை திரும்பி வந்தது. வேறு பதில் எதுவும் வரவில்லை.

2022ஆம் ஆண்டுத் திருத்தம் 42அ என்ற புதிய பிரிவைச் சேர்த்தது. வைத்திருக்க விருப்பமில்லாதவர் ஏழு வேலை நாள் முன்னறிவிப்புக் கொடுத்துப் பொருளை அரசிடம் ஒப்படைக்கலாம், இழப்பீடு கிடையாது என்கிறது அப்பிரிவு. இழப்பீடு யாருக்கு வேண்டும்? சிக்கல், அந்தப் பிரிவின் முதல் வரியிலேயே இருக்கிறது. உரிமைச் சான்றிதழ் வைத்திருப்பவர் மட்டுமே ஒப்படைக்கலாம். சான்றிதழ் உள்ளவருக்கு வீட்டில் வைத்துக்கொள்ளவே உரிமை இருக்கிறது. அவர் ஒப்படைக்க அவசரப்படப் போவதில்லை. சான்றிதழ் இல்லாதவனோ, ஒப்படைக்கப் போகும் வழியிலேயே குற்றவாளியாகிவிடுவேனோ என்று அஞ்சுகிறான். குறைந்தது மூன்றாண்டுச் சிறை என்பதைப் படித்த பின் யார் துணிவார்கள்? விளைவை நான் என் உறவினர்களிடையே பார்த்துவிட்டேன். தந்தத் தாயக்கட்டை ஒரு ஜோடியை ஒருவர் ஆற்றில் போட்டார். மற்றொருவர் வீட்டிலிருந்த தந்தப்பிடி விசிறி, வீட்டை இடித்தபோது பழைய மரச்சாமான்களோடு லாரியில் ஏறிப் போயிற்று. அது இப்போது எந்தக் கடையில், என்ன பெயரில், என்ன விலைக்குக் கிடக்கிறதோ தெரியாது. சந்தைக்குப் பழைய தந்தம் போய்ச் சேரும் வழிகளில் இதுவும் ஒன்று. பழையது என்ற போர்வையில் புதியது விற்கவும் அதுவே துணையாகிறது.

எனவே சட்டத்தின் 40அ பிரிவின் கீழ் 2003இல் செய்ததைப் போன்ற ஓர் அறிவிப்பை மத்திய அரசு இன்னொரு முறை வெளியிட வேண்டும் என்றும், அதற்குத் தமிழக அரசு வற்புறுத்திக் கடிதம் எழுத வேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறேன். ஆனால் சென்ற முறைபோல் வைத்துக்கொள்ளச் சான்றிதழ் தருவதாக இது இருக்கக் கூடாது. ஒப்படைப்பதற்கு மட்டுமான வாய்ப்பாக இருக்க வேண்டும். செதுக்கப்படாத முழுக்கொம்புகளை இதில் சேர்க்கவே கூடாது. புதிதாகக் கொன்ற யானையின் தந்தத்தைப் பழசென்று காட்டி வெள்ளையாக்கிவிடுவார்களே என்ற அச்சம் நியாயமானதுதான். கையில் சான்றிதழும் கிடைக்காது, காசும் கிடைக்காது என்னும்போது அந்த வேலைக்கு யார் மெனக்கெடுவார்கள்? அதற்கு மேலும் ஐயமிருந்தால், 1950களிலும் 60களிலும் நடந்த அணுகுண்டுச் சோதனைகள் காற்றில் கலந்த கரிமத்தின் தடயம் தந்தத்தில் இருக்கிறதா என்று சோதித்து, யானை எந்தக் காலத்தில் வாழ்ந்தது என்பதைக் கண்டறியும் முறை இன்று இருக்கிறது.

ஒப்படைத்த பின் என்ன ஆகும் என்பதும் முக்கியம். கென்யா 2016இல் 105 டன் தந்தத்தை அடுக்கி எரித்தது. வெறும் கொம்புகளை எரிப்பதில் எனக்கு மறுப்பில்லை. செதுக்கியவற்றை எரிப்பதும், கருவூல இருட்டறையில் மூட்டையாகக் கட்டிப்போடுவதும் ஒன்றுதான் என்பது என் கருத்து. எங்கள் ஊர் அரங்கநாதர் கோயில் அருங்காட்சியகத்தில், நாயக்க மன்னரும் அரசியரும் நிற்கும் 17ஆம் நூற்றாண்டுத் தந்தச் சிற்பங்கள் இருக்கின்றன. கொண்டையின் முடிச்சும் ஆடையின் மடிப்பும் அவ்வளவு நுட்பம். அரசர்கள் செய்வித்தவை காப்பாற்றப்பட்டன. சாதாரணக் கடைசல்காரர் செய்து, சாதாரண வீட்டுப் பெண்கள் புழங்கிய சிமிழும் சீப்பும் பல்லாங்குழிப் பலகையும்தான் தடமில்லாமல் போய்க்கொண்டிருக்கின்றன. கட்டிலுக்குத் தந்தத்தை உளியால் செதுக்கிய விதத்தை நெடுநல்வாடை விவரிக்கிறது. அந்தக் கொம்பும் போரில் பட்ட யானையுடையது என்று சொல்ல அது மறக்கவில்லை. அவ்வளவு பழைய தொழிலின் கடைசிக்காலப் பொருள்கள் இவை. மாவட்ட அரசு அருங்காட்சியகங்களில் ஓர் அலமாரி ஒதுக்கி, யார் வீட்டிலிருந்து வந்தது, எதற்குப் பயன்பட்டது என்று ஓர் அட்டையில் எழுதி வைத்தால் போதும்.

என் சிமிழ் இப்போதும் பீரோவில்தான் இருக்கிறது. அதன் அடியில் அந்த ஒப்புதல் அட்டை. எங்கே, யாரிடம், எந்த நாளில் கொண்டுவந்து கொடுக்க வேண்டும் என்று எழுத்தில் ஒரு வரி வந்தால், மறுநாள் காலையே எடுத்துச் செல்ல ஆயத்தமாக இருக்கிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர்,
திருவரங்கம்.