மேலூர் அக்காவுக்கு, அந்த ஆரஞ்சு மூடி பற்றி

அன்புள்ள அக்கா,

நேற்று ராத்திரி நீங்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பிய போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அடுப்பங்கரை மேடையில் இன்சுலின் குப்பியும் சிரிஞ்சும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. குப்பியின் லேபிளில் 40 என்று போட்டிருக்கிறது. சிரிஞ்சின் மூடி ஆரஞ்சு. கீழே நீங்கள் எழுதியிருந்தது: "ஆறு மாசமாச்சு, இனி எந்த டாக்டர்கிட்டயும் போறதா இல்ல. போகப் போக யூனிட்டை ஏத்திக்கிட்டேதான் இருக்காக. சுகர் இறங்கின பாடில்ல."

உங்கள் கோபத்துக்குப் பாதிப் பதில் அந்தப் போட்டோவிலேயே இருக்கிறது. உங்களைப் போல ஊசி போட்டுக்கொள்கிற மற்றவர்களும் படிக்கட்டும் என்றுதான் இதைப் பொதுவில் எழுதுகிறேன்.

நம் ஊரில் குப்பியில் வரும் இன்சுலின் பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 40 யூனிட். பேனாவில் மாட்டும் கார்ட்ரிட்ஜில் ஒரு மில்லிக்கு 100 யூனிட். அதனால் சிரிஞ்சும் இரண்டு வகை. 40க்கு உள்ளதற்குச் சிவப்பு மூடி, 100க்கு உள்ளதற்கு ஆரஞ்சு மூடி. உங்கள் குப்பி 40, சிரிஞ்சு 100. அந்தச் சிரிஞ்சில் 20ஆம் கோடு வரை இழுத்தால் உள்ளே வருவது 0.2 மில்லிதான். 40 குப்பியிலிருந்து இழுத்தால் அது வெறும் 8 யூனிட். டாக்டர் 20 எழுதினார், உங்கள் உடம்புக்குள் போனது 8. சுகர் இறங்கவில்லை என்று 24 ஆக்கினார், போனது பத்துக்கும் கீழே. பிறகு 30 ஆக்கினார், போனது 12. அவர் ஏற்றிக்கொண்டே போனார், உங்களுக்கு ஏறவே இல்லை. மருந்து விற்பதற்காக ஏற்றுகிறார்கள் என்று நீங்கள் நினைத்ததில் எனக்கு ஆச்சரியம் இல்லை.

ஆனால் தயவுசெய்து இன்றைக்கே கடைக்குப் போய் சிவப்பு மூடி வாங்கி அதே 30 கோட்டுக்கு இழுத்துவிடாதீர்கள். 12 யூனிட்டுக்குப் பழகிய உடம்பில் திடீரென்று முழு 30 யூனிட் போகும். சுகர் அதலபாதாளத்துக்கு இறங்கும். எனக்கு இருக்கிற பயமே இதுதான். பழைய சீட்டை வைத்து மெடிக்கலில் வாங்குகிறீர்கள். ஒருநாள் ஆரஞ்சு ஸ்டாக் இல்லை என்று கடைப் பையன் சிவப்பைக் கொடுத்தால், ஒரே ராத்திரியில் அளவு இரண்டரை மடங்கு ஆகிவிடும். டாக்டரைப் பார்க்கும் வரை இப்போது போடுவதை அதே சிரிஞ்சில் அப்படியே போடுங்கள். பார்ப்பதைத் தள்ளிப்போடாதீர்கள், நாளைக்கே போங்கள். இதற்கு நேர்மாறான தப்பு இன்னும் மோசம். பேனா கார்ட்ரிட்ஜிலிருந்து சிவப்பு மூடி சிரிஞ்சில் 20 கோடு இழுத்தால் உள்ளே போவது 50 யூனிட்.

கை நடுங்கி, குப்பென்று வியர்த்து, படபடவென்று வந்தால் சுகர் ரொம்ப இறங்கியிருக்கலாம், வீட்டு சுகர் மிஷினில் பாருங்கள். 70க்குக் கீழே என்றால் (மிஷின் கையில் இல்லை என்றால் பார்க்காமலேயே) மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடியுங்கள். கால் மணி நேரம் கழித்து மறுபடி பாருங்கள். ஏறவில்லை என்றால் இன்னொரு தடவை. ஏறிய பிறகு இட்லியோ சோறோ சாப்பிட்டாக வேண்டும், சர்க்கரைத் தண்ணீர் வெகுநேரம் தாங்காது. மயங்கிவிட்டவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, 108தான். இதை அத்தானுக்கும் சொல்லி வையுங்கள்.

உங்கள் நம்பிக்கை போனதற்குக் காரணம் இருக்கிறது, அக்கா. இன்சுலின் எழுதிக் கொடுத்த அன்றைக்கு யாராவது ஒருவர் உங்கள் கையில் சிரிஞ்சைக் கொடுத்து, "போட்டுக் காட்டுங்கம்மா" என்று கேட்டிருக்க வேண்டும். யூனிட்டை ஏற்றிய ஒவ்வொரு தடவையும் "எதுல போடுறீங்க, எங்க போடுறீங்க" என்று கேட்டிருக்க வேண்டும். மூன்று நிமிஷத்தில் அடுத்த டோக்கனைக் கூப்பிட்டார்கள். அது அவர்கள் தப்பு, உங்கள் தப்பில்லை. அதற்காக மருந்துச் சீட்டு மட்டும் இருந்தால் போதும், டாக்டர் வேண்டாம் என்று முடிவெடுத்தால், இப்படிப்பட்ட தப்பைக் கண்டுபிடிக்க ஆளே இல்லாமல் போகிறது.

டாக்டரைப் பார்ப்பதற்கு முன் இன்னும் சிலவற்றை நீங்களே பார்த்துவிடலாம். வயிற்றில் தினமும் ஒரே இடத்தில் குத்துகிறீர்களா? அந்த இடத்தைத் தடவிப் பாருங்கள். ரப்பர் பந்து மாதிரி மெத்தென்ற கட்டி இருந்தால், அங்கே போட்ட மருந்து ஒருநாள் உறிஞ்சும், ஒருநாள் உறிஞ்சாது. தொப்புளிலிருந்து இரண்டு விரல் தள்ளி, ஒவ்வொரு தடவையும் முந்தின இடத்திலிருந்து ஒரு விரல் நகர்த்திப் போட வேண்டும். கட்டியை விட்டு நல்ல இடத்துக்கு மாறினாலும் மருந்து கூடுதலாக வேலை செய்யும் என்பதால், அதையும் டாக்டரிடம் சொல்லிவிட்டு மாறுங்கள். 30/70 என்று போட்ட கலங்கல் மருந்து என்றால், குப்பியை இரண்டு உள்ளங்கைக்கு நடுவில் இருபது தடவை உருட்ட வேண்டும். குலுக்கினால் நுரை வந்து அளவு தப்பும். உருட்டாமல் இழுத்தால் ஒருநாள் தெளிந்தது, ஒருநாள் வண்டல்.

போட்டோவில் குப்பி அடுப்புக்கு ஒரு முழத் தூரத்தில் இருந்தது. சித்திரை வெயிலில் நம் வீட்டு அடுப்பங்கரை எப்படிக் கொதிக்கும் என்று உங்களுக்குத் தெரியாததா? திறக்காத குப்பி பிரிட்ஜின் நடுத்தட்டில் இருக்கட்டும், மேலே ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில் வேண்டாம். ஒருமுறை உறைந்துவிட்டால் அதைத் தூக்கிப்போட வேண்டியதுதான். திறந்த குப்பியைக் கரண்ட் போனாலும் காப்பாற்ற ஒரு வழி: பெரிய மண்சட்டியில் மணல் போட்டு நனைத்து, அதற்குள் சின்னக் கலயத்தை வைத்து, குப்பியை பாலிதீன் பையில் சுற்றி உள்ளே வைத்து, ஈரத்துணியால் மூடுங்கள். திறந்த தேதியை லேபிளில் பேனாவால் எழுதுங்கள். நாலு வாரம் ஆனால் மிச்சம் இருந்தாலும் வேண்டாம்.

ரத்தப் பரிசோதனையிலும் ஒன்று கவனிக்க வேண்டும். டெஸ்ட் அன்றைக்கு மட்டும் இரண்டே இட்லி சாப்பிடுவதும், ஊசியை விட்டுவிட்டுப் போவதும் நிறையப் பேர் செய்வது. அப்படிப் போனால் டாக்டர் கையில் இருப்பது உங்கள் சுகர் இல்லை, அந்த ஒருநாள் சுகர். வெறும் வயிறு என்றால் எட்டிலிருந்து பத்து மணி நேரம், தண்ணீர் மட்டும். ரத்தம் கொடுத்ததும் வழக்கமான ஊசி, வழக்கமான சாப்பாடு. முதல் வாய் சாப்பிட்ட நேரத்திலிருந்து இரண்டு மணி நேரம் கழித்து அடுத்த ரத்தம். ஊசியைப் போட்டுவிட்டு வெறும் வயிற்றோடு மட்டும் பஸ் ஏறாதீர்கள். மூன்று மாதச் சராசரி, அதாவது ஹெச்பிஏ1சி, 9 என்று வந்தால் சராசரி சுகர் 212 அளவில் ஓடுகிறது என்று பொருள். ரத்தசோகை இருந்தால் இந்தக் கணக்கு தப்பும், அதனால் ஹீமோகுளோபினும் சேர்த்துப் பாருங்கள். வீட்டு மிஷின் 180 காட்டி லேபில் 200 வந்தால் யாரும் ஏமாற்றவில்லை. மிஷினில் பதினைந்து சதவீதம் வரை முன்னே பின்னே வரும்.

கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனை பார்க்காமல் பழைய சீட்டிலேயே காலம் தள்ளக் கூடாது. மூட்டு வலிக்கு நீங்களாக டைக்ளோஃபினாக் வாங்கிப் போடுகிறீர்கள், அது கிட்னியைக் கெடுக்கும். கிட்னி வேலை குறைந்தால் இன்சுலின் உடம்பில் அதிக நேரம் தங்கும். போன வருஷம் சரியாக இருந்த அளவு இந்த வருஷம் அதிகமாகிவிடும். மெட்ஃபார்மின் என்கிற சுகர் மாத்திரையும் அப்படித்தான். கிட்னியின் வடிகட்டும் வேகம் (ரிப்போர்ட்டில் eGFR) 45க்குக் கீழே போனால் அளவைக் குறைப்பார்கள், 30க்குக் கீழே போனால் நிறுத்துவார்கள்.

பழைய டாக்டரிடம் போக மனசில்லை என்றால் போக வேண்டாம். மேலூர் அரசு ஆஸ்பத்திரியில் காட்டலாம், மதுரை பெரிய ஆஸ்பத்திரிக்கும் போகலாம். அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பெயர் பதிந்தால் சுகர், பிரஷர் மாத்திரை வீட்டுக்கே வரும். அது மாத்திரைக்குத்தான், டாக்டருக்குப் பதில் இல்லை. முன்பு அட்மிட் ஆன இடத்தில் உங்கள் சிகிச்சை பேப்பர்களைத் தர இழுத்தடித்தால் எழுதிக் கேளுங்கள். 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று 2002ஆம் ஆண்டு மருத்துவ கவுன்சில் விதியிலேயே இருக்கிறது.

புது டாக்டரை எடைபோட, குப்பியையும் ஆரஞ்சு சிரிஞ்சையும் மேஜையில் வைத்து முதல் வாக்கியமாக இதைச் சொல்லுங்கள்: "டாக்டர், இத்தனை மாசமும் இதுலதான் 30 கோடு போட்டேன். நிஜமா உள்ள போனது எத்தனை யூனிட்?" சிரிஞ்சைக் கையில் எடுத்துப் பார்த்து, கணக்குப் போட்டு, சிவப்பு மூடிக்கு எத்தனை கோடு என்று புதிதாக எழுதித் தருபவரிடம் தொடர்ந்து போங்கள். சுகர் இறங்கி மயக்கம் வந்ததுண்டா என்று கேட்பவர், செருப்பைக் கழற்றச் சொல்லி உள்ளங்காலைப் பார்ப்பவர், வருஷத்துக்கு ஒருமுறை விழித்திரையைப் பார்க்க அனுப்புபவர் என்றால் இன்னும் நல்லது. பார்க்காமலேயே "36 போடுங்க" என்று எழுதினால், சீட்டை வாங்காமல் எழுந்து வந்து எனக்கு போன் பண்ணுங்கள். வேறு ஒருவரைப் பார்ப்போம்.

கண் டெஸ்ட்டுக்கு மதுரை அரவிந்த் கண் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினால் தனியாகப் போக வேண்டாம். சொட்டு மருந்து விட்டால் மூன்று நாலு மணி நேரம் பார்வை மங்கலாகவே இருக்கும், மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டில் பஸ் போர்டு தெரியாது. அத்தானைக் கூட்டிக்கொண்டு போங்கள்.

அன்புடன்,
உங்கள் தம்பி